ஏழாம் பலகை

மஸ்தூராவின் கை பிசகாது என்பது தாஷ்கண்டின் சிலன்ஸார் வட்டாரத்தில் ரொட்டி சுடுகிறவர் வரைக்கும் தெரிந்த சேதி. தெரியாதவர்களுக்கு அவளே சொல்லிவிடுவாள். வீடு கட்டும் ஆலையில் இருபத்தெட்டு வருடம் சில்லு பதித்தவள். ஆலை வாசலில் நல்ல தொழிலாளிகளின் படத்தை மாட்டும் சட்டத்திலிருந்து பதினோரு வருடம் அவள் படம் இறங்கவே இல்லை. இந்த எழுபத்தொரு வயதிலும், முற்றத்தில் நாலு பெண்கள் கூடிச் சம்சா மடித்தால், பக்கத்தில் இருப்பவளின் மடிப்பைப் பார்த்து, "இது என்னடி, எலி கடிச்சதா?" என்று கேட்காமல் அவளால் இருக்க முடியாது. யாரும் கோபித்துக்கொள்வதில்லை, ஏனென்றால் அவள் மடித்தது அச்சில் வார்த்த மாதிரி இருக்கும்.

அப்படிப்பட்டவள் வாழ்நாளில் ஒரே ஒரு தப்புச் செய்தாள். அதுவும் ஒன்பது மாடிச் சுவரில், ஊரே அண்ணாந்து பார்க்கிற இடத்தில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மஸ்தூரா நாற்பத்தொன்பது வருடம் மறைத்திருந்தாள்.

1966 நிலநடுக்கத்தில் தாஷ்கண்டின் மண்வீடுகள் விழுந்தபோது அவளுக்குப் பதினாலு வயது. அவள் வீடும் விழுந்தது. கூடாரத்தில் குளிர்காலம் கழித்தவளுக்குச் சுவர் என்றாலே ஒரு மரியாதை வந்துவிட்டது. பதினெட்டு வயதில், கூடாரத்துத் தோழி ஃபரோகத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஆலையில் சேர்ந்தாள்.

அங்கே வீட்டைச் சுவர் சுவராக வார்த்து, லாரியில் ஏற்றி, கிரேன் வைத்து அடுக்குவார்கள். சில கான்கிரீட் பலகைகளில் வண்ணப் பீங்கான் சில்லுகளால் சித்திரம் வரும். பதிக்கிற பெண்களின் கண்ணுக்கு அந்தச் சித்திரம் தெரியாது. இரும்புத் தட்டில் தாளை விரித்து, அதன்மேல் சில்லுகளை முகம் குப்புற வைக்க வேண்டும். முதுகுப் பக்கம் எல்லாச் சில்லும் ஒரே சாம்பல் நிறம். தாளிலுள்ள எண்ணைப் பார்த்து அந்த எண் போட்ட பெட்டியிலிருந்து எடுத்து வைக்க வேண்டியதுதான். அதன்மேல் கம்பி வலை, கான்கிரீட், பிறகு நீராவி அறை. மறுநாள் பலகையை நிமிர்த்தும்போதுதான் நிறம் வெளியே வரும், அதற்குமேல் எதையும் மாற்ற முடியாது.

முகம் குப்புற வைப்பதால் இடம் வலமாகிவிடும். அதனால் தாளையும் திருப்பித்தான் போட வேண்டும். டிரேசிங் தாளுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்குமே, எப்படிக் கண்டுபிடிப்பது? தட்டுப் பெண்களிடம் அதற்கு ஒரு விதி இருந்தது. எண்கள் இடம்வலம் மாறித் தெரிந்தால் சரி. ஒழுங்காகப் படிக்க முடிந்தால் தப்பு. "படிக்க முடிஞ்சா கையை எடுத்துரு" என்று புதிதாக வருகிறவளிடம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

1974 வசந்தத்தில் ஆலைக்கு லுத்மிலா ஹெகாய் வந்தார். நாட்டின் கிழக்குக் கோடியில் இருந்த கொரியர்களை அரசாங்கம் வலுக்கட்டாயமாக ரயிலேற்றி இங்கே கொண்டுவந்து இறக்கியபோது சிறு பெண்ணாக இறங்கியவர், இப்போது ஐம்பத்தொரு வயது. துணி ஆலைக்கு அச்சுக்கோலம் வரைந்து கொடுப்பார், தேநீர்க் கிண்ணத்துக்கு வரைவார், யாரும் வாங்காத ஓவியங்களையும் வரைவார். அவர் ஓவியத்தில் ஆள் இருக்காது, பருத்திச்செடி இருக்காது, டிராக்டர் இருக்காது. வட்டம்தான் இருக்கும். பெண்கள் அவரை லூதா அக்கா என்று கூப்பிட்டார்கள்.

"இது என்னக்கா?" என்று ஃபரோகத் ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"வட்டம்."

"வட்டம்னா? சூரியனா, நிலாவா?"

"வட்டம்னா வட்டம்தான். ரொட்டியைக் கையில வாங்கிட்டு இது சூரியனா நிலாவான்னு கேக்குறியா நீ?"

அவர் வரைந்து கொண்டுவந்தது ஒரு கட்டடத்தின் ஜன்னல் இல்லாத பக்கச் சுவருக்கு. மாடிக்கு ஒன்றாக ஒன்பது பலகை. சிவப்புப் பட்டை ஒன்று கீழிருந்து நடுவாக ஏறி, ஏழாம் பலகையில் வலப்பக்கம் வளைந்து, எட்டிலும் ஒன்பதிலும் சுருண்டு வட்டமாக முடிய வேண்டும்.

தட்டு ஒன்று, வேலைநேரம் இரண்டு. காலையில் ஃபரோகத், பிற்பகலில் மஸ்தூரா. அன்று ஃபரோகத் ஆறாம் பலகையை முடித்து, ஏழாம் தாளை முறைப்படி திருப்பி விரித்துவிட்டு, அக்கா கல்யாணத்துக்கு ஓடினாள். மஸ்தூராவுக்கு அன்று மதியம்தான் வீட்டு ஒதுக்கீட்டுச் சீட்டு வந்திருந்தது. இதே கட்டடம், நாலாம் மாடி. எட்டு வருடம் கழித்து ஒரு சுவர். சீட்டை எடுத்துப் படிப்பாள், மடித்து வைப்பாள், மறுபடி எடுத்துப் படிப்பாள். லாரிக்காகப் பெரிய கதவைத் திறந்தார்கள், காற்று புகுந்தது, தாள் பறந்தது. மஸ்தூரா எட்டிப் பிடித்து மறுபடி விரித்தாள். எண்கள் பளிச்சென்று நேராகத் தெரிந்தன. நேராகப் படிக்க முடிந்ததெல்லாம் அன்று அவளுக்கு நல்ல சேதியாகவே பட்டது. உட்கார்ந்து மாலை வரை பதித்தாள். சில்லு ஒன்றுகூடப் பிசகவில்லை. தாள் மொத்தமும் தப்பு.

நிமிர்த்தியபோது யாருக்கும் தெரியவில்லை. ஒற்றைப் பலகையைப் பார்த்து இது இடமா வலமா என்று யார் சொல்வது? ஒன்பதும் ஏறிய பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. சிவப்புப் பட்டை ஏழாம் மாடியில் இடப்பக்கம் திரும்பி, சுவரின் ஓரத்தைத் தாண்டி வெளியே போய்விட்டது. எட்டாம் மாடியில், ஒன்றுமே நடக்காதது போல வலது ஓரத்திலிருந்து உள்ளே வந்தது.

மேஸ்திரி எர்காஷ் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏழாம் தாளை எவ போட்டது?"

ஃபரோகத் வெள்ளை மனசுக்காரி. "நான்தாண்ணே போட்டேன். திருப்பித்தான் போட்டேன்னு நெனச்சேன்... கல்யாண அவசரத்துல..." என்று இழுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

மஸ்தூரா வாயைத் திறந்தாள். அவள் படம் அந்த வாரம்தான் முதன்முதலாகச் சட்டத்தில் ஏறியிருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதைத்தான்.

லுத்மிலா வந்தார். சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு ஒரு மணி நேரம் அந்தச் சுவரையே பார்த்தார். எர்காஷுக்கு வியர்த்துவிட்டது.

"அக்கா, மாசக் கடைசிக்குள்ள ஒப்படைக்கணும். ஆனா நீங்க சொன்னா உடைச்சுட்டு வேற வைக்கிறோம்."

"தொடாதே."

"தப்பா இருக்கேக்கா!"

"இருக்கு. ஆனா பாரு, அந்தப் பக்கமா வெளிய போயி, எங்கேயோ சுத்திட்டு, இந்தப் பக்கமா வீட்டுக்கு வருது. இதை விட்டுட்டு இருபது வருஷமா வட்டம் போட்டுக்கிட்டு இருந்திருக்கேனே!"

சாயங்காலம் அவர் தனியாகத் தட்டருகே வந்தார். "யாரு போட்ட தாள் அது?" என்று மெதுவாகக் கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து மஸ்தூராவுக்குப் பொய் வரவில்லை.

"நான்தான் அக்கா. காத்துல பறந்துச்சு. ஃபரோகத் இல்ல."

"அப்ப அவகிட்டச் சொல்லிரு."

"நாளைக்குச் சொல்றேன்."

அடுத்த ஒரு வாரம் லுத்மிலா கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, சின்னச் சின்னத் தட்டுகளில் வேண்டுமென்றே தாளைத் திருப்பாமல் நேராகப் போட்டு மஸ்தூராவைப் பதிக்கச் சொன்னார். ஒவ்வொருத்தியும் தன் தட்டின் விளிம்பில் சாக்குக்கட்டியால் தன் குறியைப் போடுவது ஆலை வழக்கம். மஸ்தூராவின் குறி மூன்று சின்னக் கோடு, நடுக்கோடு மட்டும் சாய்ந்திருக்கும். லுத்மிலா தன் தாள்களின் மூலையில் அதையே போட்டுக்கொண்டார். "இந்தக் குறி இருந்தா உன் பக்கம் மேலன்னு அர்த்தம், தாளைத் திருப்பக் கூடாது" என்றார்.

அந்தப் பட்டை சிலன்ஸார் சுவரிலிருந்து வெளியே போனது போனதுதான், உலகத்தையே சுற்றிவிட்டது. முதலில் ஒரு துணியில், ஒரு கரையில் வெளியேறி மறு கரையில் உள்ளே வந்தது. பிறகு ஜப்பானில் தேநீர்க் கிண்ணத்தில், பின்லாந்தில் திரைச்சீலையில், பிரேசிலில் ஒரு பஸ் நிலையத்துத் தரையில். பேர் பரவிய பிறகு லுத்மிலா பெர்லினுக்குப் போய், அங்கேயே காலமானார். அந்தப் பட்டை ஏன் வெளியே போய்த் திரும்பி வருகிறது என்று படித்தவர்கள் தடித்தடியாகப் புத்தகம் எழுதினார்கள். நாடு கடத்தப்பட்ட வலி என்றார் ஒருவர், மறந்துபோன தாய்மொழி என்றார் இன்னொருவர். தொலைக்காட்சியில் அதைக் கேட்ட மஸ்தூரா, "காத்தடிச்சதுன்னு ஒருத்தனும் சொல்லலியே" என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள். சிரிப்பு வந்தாலும், பெருமை அதைவிடப் பெரிதாக வந்தது.

அவள் சிரிக்கட்டும். எதிர்வீட்டில் ஃபரோகத் என்ன ஆனாள் என்பதுதான் எனக்குப் பொறுக்காத சங்கதி. அவளுக்கும் அதே கட்டடத்தில், அதே மாடியில் வீடு கிடைத்தது. அவள் பெயர் அன்றோடு மாறி ஏழாம் பலகை ஆகிவிட்டது. தேநீர் ஊற்ற எழுந்தால், "கிண்ணத்தைக் கவுத்து வச்சிராதே, ஏழாம் பலகை!" புது மருமகள் வந்தால், "உன் மாமியாரை எதையும் திருப்பச் சொல்லாதே." ஃபரோகத்தும் கூடச் சிரிப்பாள். கூட்டத்தில் மஸ்தூராவும் சிரிப்பாள், அதைத்தான் மன்னிக்க முடியாது. நாளைக்குச் சொல்கிறேன் என்றவளுக்கு அந்த நாளை வரவே இல்லை.

2023இல் லுத்மிலாவின் நூற்றாண்டு வந்தது. வெளிநாட்டுக் குழு ஒன்று சுவரைப் புதுப்பிக்க முன்வந்தது. சியோல் அருங்காட்சியகத்திலிருந்து யூன் என்ற அம்மையார் தடித்த புத்தகத்தோடு வந்து இறங்கினார். வேலையை எடுத்திருந்தவன் ஒதில், உள்ளூர்ப் பையன்தான், கட்டடக்கலை படித்தவன். திங்கட்கிழமை முற்றத்து வாதுமை மரத்தடியில் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னான்.

"அசல் வரைபடம் கெடைச்சிருச்சு. அதுல பட்டை வலப்பக்கம்தான் வளையுது. ஏழாவது பலகை வேலைக்காரங்க பண்ணின தப்பு, ஆலைக் கோப்புலயும் 'குறை, திருத்த நேரமில்லை'ன்னு எழுதியிருக்கு. வியாழக்கிழமை அந்தச் சில்லையெல்லாம் கொத்தி எடுத்துட்டு, அவங்க நெனச்ச மாதிரியே வைக்கப் போறோம்."

எல்லாப் பார்வையும் ஃபரோகத் மேல் போனது. அவள் இரண்டு கையையும் முகத்துக்கு நேரே உயர்த்தி, "அல்லாவே! சாகுறதுக்குள்ள என் தப்பைத் திருத்திட்டே" என்றாள். "நல்லா இருப்பா நீ. சீக்கிரம் கொத்து."

கூட்டம் சிரித்தது. மஸ்தூராவுக்கு இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

இரண்டு நாள் அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். சும்மா இருந்தால் போதும். வியாழக்கிழமை உளி இறங்கினால் தப்பும் போய்விடும், தப்புச் செய்தவளும் போய்விடுவாள், கை பிசகாத மஸ்தூரா கை பிசகாதவளாகவே கண்ணை மூடலாம். ஃபரோகத்தும் அதைத்தானே கேட்கிறாள்? ஆனால் கீழே இறங்கி அண்ணாந்து பார்த்தால், அந்தப் பட்டை தைரியமாக வெளியே போய்க்கொண்டிருந்தது. தன் கை செய்ததிலேயே உயர்ந்தது அதுதான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். சரியாகப் பதித்த ஆயிரம் பலகையை யாரும் பார்க்க வந்ததில்லை.

புதன்கிழமை காலை, யூன் அம்மையாரும் ஒதிலும் மரத்தடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, மஸ்தூரா நல்ல பட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். ஃபரோகத் ரொட்டி பிய்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தாளைப் போட்டது ஃபரோகத் இல்ல. நான்தான்" என்றாள் மஸ்தூரா. "அவ சரியாத்தான் போட்டுட்டுப் போனா. காத்துல பறந்துச்சு, நான் எடுத்துத் தப்பாப் போட்டேன். அன்னிக்கே தெரியும் எனக்கு. சொல்லல."

ஃபரோகத்தின் கையில் பாதி ரொட்டி அப்படியே நின்றது. ஒதில்தான் முதலில் பேசினான்.

"பெரியம்மா, இதை இத்தனை பேர் முன்னாடி சொன்னது பெரிய விஷயம். ஆனா இதுவும் தப்புன்னுதானே ஆகுது? அப்பக் கொத்தத்தான் வேணும்."

"தப்பா நடந்ததுதான். அதை லூதா அக்கா எடுத்துக்கிட்டாங்க. தொடாதேன்னு சொன்னாங்க."

"உங்களை யாரும் தண்டிக்கக் கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க."

"அதுக்காகவா ஒரு வாரம் வாளி மேல உக்காந்து என்னைத் தப்புத் தப்பாப் பதிக்கச் சொன்னாங்க? அந்தப் புத்தகத்தைக் கொடு இப்படி."

யூன் அம்மையாரின் புத்தகத்தை அவளே இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு இந்த எழுத்து தெரியாது. ஒவ்வொரு படத்துக்கும் வருஷத்தைச் சொல்லிக்கிட்டே வா."

ஒதில் சொல்லிக்கொண்டே வந்தான். 1961, வட்டம். 1968, வட்டம். 1973, வட்டம். அடுத்த பக்கம், 1974, பட்டை ஓரத்தைத் தாண்டியிருந்தது. அதற்குப் பிறகு கிண்ணம், திரைச்சீலை, பஸ் நிலையம், பெர்லின் ஓவியங்கள் என்று முந்நூறு பக்கத்தில் மூடிய வட்டம் ஒன்றுகூட இல்லை. ஒதிலின் குரல் போகப்போக இறங்கியது.

"இந்த மூலையைப் பாரு" என்று மஸ்தூரா விரலை வைத்தாள். "மூணு கோடு, நடுவுல சாஞ்சது. எழுபத்திநாலுக்கு அப்புறம் எல்லாப் படத்துலயும் இருக்கா?"

யூன் அம்மையார் ஏதோ படபடவென்று சொன்னார். ஒதில் மொழிபெயர்த்தான். "இருக்காம். அது மூணு தலைமுறையைக் குறிக்குதுன்னு இவங்க ஒரு கட்டுரையே எழுதியிருக்காங்களாம்."

"தலைமுறையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது என் குறி. ஆலைக்காரிகள்ல உசுரோட இருக்கிற எவளை வேணும்னாலும் கேளு." மஸ்தூரா தரையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கீறிக் காட்டினாள். "இந்தக் குறி இருந்தா மஸ்தூரா பக்கம் மேலன்னு அர்த்தம். கொத்துறதுன்னா இந்தப் புத்தகத்தையும் சேர்த்துக் கொத்து."

யூன் அம்மையார் மண்ணில் இருந்த கோட்டையும் புத்தகத்திலிருந்த கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து, தன்னைவிட இருபது வயது மூத்தவளின் முன் இடுப்பு வளையக் குனிந்தார். சுவரை யாரும் தொட வேண்டாம், கழுவி மட்டும் விடலாம் என்றார். முற்றம் முழுக்கக் கைதட்டியது. கீழே ஒரு பெயர்க்கல் வைக்கலாம், அதில் மஸ்தூராவின் பெயரை எழுதலாம் என்றும் சொன்னார். மஸ்தூரா திரும்பிப் பார்த்தாள். ஃபரோகத் இருந்த இடத்தில் அந்தப் பாதி ரொட்டிதான் இருந்தது.

நாலாம் மாடிக்கு அவள் ஏறிப் போனபோது எதிர்வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. ஃபரோகத் உள்ளே நின்றிருந்தாள். வா என்று சொல்லவில்லை. மஸ்தூரா நிலைப்படிக்கு இப்பாலேயே நின்றாள்.

"எண்பத்தொண்ணுல என்னைக் குழுத்தலைவியாப் போடுறேன்னு சொன்னாங்க, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"ஏழாம் பலகையைக் கெடுத்தவளுக்கு எதுக்குய்யா அதெல்லாம்னு நானே வேணாம்னுட்டேன். உன்னைப் போட்டாங்க. பதினேழு வருஷம் உன் கீழ வேலை பார்த்தேன்."

"ஆமா ஃபரோகத்."

"நல்ல தலைவியாத்தான்டி இருந்தே. அதான் எனக்கு இன்னும் ஆத்திரமா வருது."

மஸ்தூராவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை. "கல்லுல என் பேரைப் போடுறேங்குறாங்க. நான் வேணாம்னுர்றேன். உன் பேரைப் போடச் சொல்றேன். நாப்பத்தொம்பது வருஷமா அதைச் சுமந்தவ நீ."

"என் பேரையா?" ஃபரோகத் முதல் தடவையாகச் சத்தம் போட்டாள். "இன்னொரு தடவை அதை என் தலையில கட்டப் பாக்குறியா? அது எனக்கு வேணாம். நான் பண்ணல, இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு, நான் பண்ணல. கல்லுல என்ன எழுதணும்னு நான் சொல்றேன். அப்படியே எழுதச் சொல்லு, ஒரு வார்த்தை குறையக் கூடாது."

ஒரு வார்த்தையும் குறையவில்லை. யூன் அம்மையார் முதலில் தயங்கினார். மஸ்தூரா போய் நின்ற நிற்பில் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. சுவரின் கீழே இன்று அந்தக் கல் இருக்கிறது. உஸ்பெக்கிலும் கொரிய மொழியிலும் ஆங்கிலத்திலும் பொறித்திருக்கிறார்கள்: "வரைந்தவர் லுத்மிலா ஹெகாய். ஏழாம் பலகையின் தாளைத் தவறாகப் போட்டவர் மஸ்தூரா. ஃபரோகத் அல்ல."

எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். சுவரைப் படமெடுப்பார்கள், கல்லைப் படிப்பார்கள், கடைசி வரியில் நின்றுவிடுவார்கள். யார் இந்த ஃபரோகத் என்று கூட வந்தவரைக் கேட்பார்கள். பக்கத்துப் பெஞ்சில் மஸ்தூராவுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும் கிழவி எழுந்து, சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, மார்பில் கை வைத்துச் சொல்வாள்:

"நான்தான். நான் பண்ணல."